துளிர்த்த கொடிக்கம்பு

வெயில் சாயத் தொடங்கியிருக்கிறது. ஓடையை ஒட்டிய கொல்லையில், விடுதிக்காக அவள் துவைத்த வெள்ளை விரிப்புகள் கொடியில் ஆடுகின்றன. கொடியின் ஒரு முனை சுவர் ஆணியில். மறுமுனை ஒரு மரத்தில். கப்பல் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் கணவன் கரையில் நின்ற ஆற்றுப்பாலை மரத்தின் பச்சைக் கிளை ஒன்றை வெட்டி, கொடிக்கம்பாக நட்டுவிட்டுப் போனான். ஈர மண்ணில் அது வேர்விடும் என்று யார் கண்டார்கள்? இப்போது கூரையைத் தாண்டி நிற்கிறது. காற்றில் நீண்ட இலைகள் புரண்டு வெளிறிய அடிப்புறத்தைக் காட்டுகின்றன. பூனைவால் போன்ற பூக்கதிர்களிலிருந்து மஞ்சள் தூள் விரிப்புகளில் உதிர்கிறது.

நாத்தனார் அரிவாளோடு வருகிறாள். "வெட்டிடலாம் அண்ணி. அண்ணன் நட்டது கொடிக்கம்பு, தோப்பு இல்ல."

"அவர் வந்து பாக்கட்டும். அப்புறம் வெட்டலாம்."

"அண்ணன் வர்றதுக்குள்ள இது காடாகி, புலி குடியேறிடும்."

அவள் சிரிக்கப் பார்க்கிறாள். கம்பு பூத்துவிட்டது என்று நேற்று தொலைபேசியில் ஆசையாகச் சொன்னபோது, "எந்தக் கம்பு?" என்றுதான் அவன் கேட்டான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முக்காலியில் ஏறி, மரத்தில் கட்டிய கொடிக்கயிற்றை அவிழ்க்க முயல்கிறாள். முடிச்சு வரவில்லை, பட்டை வளர்ந்து அதைப் பாதி விழுங்கியிருக்கிறது. அரிவாளைக் கேட்டு வாங்குகிறாள். நாத்தனார் நிம்மதியாக நீட்டுகிறாள்.

"கொடியைக் கெட்டியா பிடிச்சுக்கோ."

மரம் அப்படியே இருக்கிறது. கயிறுதான் அறுகிறது. விரிப்புகள் சேற்றில் விழாமல் நாத்தனார் இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடிக்கிறாள்.

"எவ்வளவு நேரம் அண்ணி இப்படியே நிக்கிறது?"

அவள் பூக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.