கித்தேரியம்மாள் கிளம்பட்டும்

“சாயங்காலத்துக்குள்ள ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்துரும். எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்க,” என்றார் தாசில்தார்.

தாமிரபரணி கடலில் சேரும் அந்த ஊரில் ஒருவரும் அசையவில்லை.

“உங்க போனுக்கெல்லாம் செய்தி வந்துதுல்ல? இந்த ஆத்தோட பழைய வெள்ளத்தையெல்லாம் படிச்ச நியூரல் நெட்வொர்க்குங்கிற கம்ப்யூட்டர் மெஷின் சொல்லுது. அதை உருவாக்கின இன்ஜினியரே ஜீப்புல இருக்கார்.”

ஜாய்சன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஜீப்பை விட்டு இறங்கவும் இல்லை.

“கித்தேரியக்கா கிளம்பட்டும் சார், நாங்களும் கிளம்புதோம்,” என்றார் வலை மடித்துக்கொண்டிருந்த மிக்கேல். “போன தடவ செய்தி வந்தப்ப அவிய மட்டும்தான் அசையல. நாங்க மூட்டை முடிச்சோட ஏறிப் போயி, தண்ணி வராம சும்மா திரும்பி வந்தோம்.”

தாசில்தாருக்குக் கோபம் வந்தது. “ஒரு பிடிவாதக்காரியால ஊரே சாகணுமா? வாங்க ஜாய்சன், நீங்களே எடுத்துச் சொல்லுங்க.”

ஆற்றங்கரையை ஒட்டிய கடைசி வீட்டு வாசலில் நின்றிருந்த கித்தேரியம்மாளின் முகம் ஜாய்சனைக் கண்டதும் மலர்ந்தது.

“ஏலே, வாரேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“உங்க மகனா?” என்றார் தாசில்தார்.

“ஆமா சார். அந்தச் செய்தி அனுப்புறதே இவன்தான்.”

“பிறகு ஏம்மா போன தடவ நீங்க போகல?”

“இவன்தான் போன் பண்ணிச் சொன்னான். ‘அது ஊருக்கு அனுப்புறதும்மா, மெஷின் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், நீ முட்டுவலியோட அலையாத’ன்னு.” மகனிடம் திரும்பினாள். “இன்னைக்கு வந்த செய்தியும் ஊருக்குத்தானல, எனக்கில்லையே?”

ஜாய்சன் தலை குனிந்தான். அவன் ஷூவைச் சுற்றி ஆற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.