தொண்ணூறு நாள்

தலைவர், நகரமைப்பு அலுவலர், பொறியாளர், குறிப்பெழுதும் குமாஸ்தா, குடியிருப்போர் சார்பில் அண்ணன். நகராட்சிக் கூட்ட அறைக்குள் இவ்வளவு பேர்தான்.

தம்பி வெளியே வராந்தா பெஞ்சில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

தம்பியின் கடை இருக்கும் தெரு இனிமேல் குடியிருப்புப் பகுதி. புதுக் கடை கூடாது. இருக்கிற கடை இருக்கலாம். ஆனால் தொடர்ந்து ஒரு வருடம் மூடிக் கிடந்தால் அப்புறம் திறக்கவே முடியாது என்றது வரைவு விதி.

"ஒரு வருஷம் எதுக்குங்க? தொண்ணூறு நாள் போதும்" என்றான் அண்ணன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. யாரும் மறுக்கவில்லை. குமாஸ்தா 'ஒருமனதாக' என்று எழுதினார். யார் சொன்னது என்று எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே அப்பாவிடம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றக் கற்றவர்கள். மிக்ஸி, ஃபேன், மோட்டார் எல்லாம் பழுது பார்ப்பார்கள். அண்ணன் கடை மெயின் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே. கையில் மிக்ஸியோடு இறங்குகிறவர்கள் நேராக அவனிடம் வந்து, தம்பி கடைக்கு வழி கேட்பார்கள்.

அவனும் சொல்வான். வயிறு எரிய எரியச் சொல்வான்.

போன மாதம் அவன் மனைவியே வீட்டு மிக்ஸியைப் பைக்குள் மறைத்துத் தம்பியிடம் கொண்டுபோயிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் தம்பி அவனைத் தன் கடைக்குக் கூட்டிப் போனான். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தான். தொண்ணூறு என்று சொன்ன புண்ணியவான் யார் என்று கேட்டான். பொறியாளர்தான் என்று அண்ணன் தயங்காமல் சொன்னான்.

தம்பி கடைச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"நாளைக்கு முதுகு ஆபரேஷன். நாலு மாசம் படுக்கைன்னு டாக்டர் சொன்னது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதுண்ணே. நீ தினம் ஒரு மணி நேரம் தொறந்து வச்சாப் போதும், கடை பொழச்சுக்கும்."

சாவி தம்பியின் கைச்சூட்டோடு இருந்தது. திறந்துதான் வைப்போமே என்று ஒரு கணம் அண்ணனுக்குத் தோன்றியது.

அப்போது ஓர் அம்மாள் டேபிள் ஃபேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். தம்பி ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னான். அண்ணனுக்குத் தன்னைவிடக் கைராசி அதிகம், அவரிடமே கொடுங்கள் என்றான்.

அவள் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். அவசரம் ஒன்றுமில்லை, நீங்களே எழுந்து வந்து பாருங்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, ஃபேனோடு திரும்பிப் போனாள்.

தம்பி சிரித்தான். அண்ணனும் சிரித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பி படியில் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இறங்கினான்.

பின்னாலேயே வெளியே வந்த அண்ணன், ஒன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு, கதவைச் சாத்திப் பூட்டினான்.