பெரியப்பாவுக்கு ஒரு கொஞ்சு

"கொஞ்சு" என்றாள் தர்சினி. "பெரியப்பாவின்ரை கன்னத்திலை ஒரு கொஞ்சு குடு."

ஆரபி கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எட்டு வயசாகுது. கனடாவிலையிருந்து வந்த பெரியப்பா. உனக்கெண்டு எவ்வளவு சாமான் கொண்டந்தவர். ஒரு கொஞ்சு குடுக்க ஏலாதே?"

"விடும் பிள்ளை" என்றார் தியாகலிங்கம். "விருப்பம் வந்தால் வரட்டும். உந்தச் சொக்லேற்றை முதல் பிறிச்சிலை வையும். உருகுது."

சொக்லேற் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எட்டப் போய் இருந்தார்.

வாசலில் நின்ற சயந்தன் சிரித்தான். தர்சினியின் சித்தி மகன். அடுத்த வளவில் வீடு. ஆரபியை வயலின் வகுப்புக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குகிறவன்.

"எனக்கெண்டால் கேட்டவுடனை தருவாள், பாருங்கோ அண்ணை. ஆரபி, இஞ்சை வா."

ஆரபி வந்தாள். அவன் கன்னத்தில் கொஞ்சினாள். திரும்பிப் போய் அதே கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

"பாத்தியளே? எல்லாம் ஆளைப் பொறுத்தது."

தர்சினியும் சிரித்தாள். தியாகலிங்கம் சிரிக்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தர்சினிக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பேச வந்த ஓர் அம்மா சொல்லியிருந்தார்: "பிள்ளை ஒருத்தரைக் கண்டு ஒதுங்கினால் ஏசாதேங்கோ. ஏனெண்டு பாருங்கோ."

தர்சினி பார்க்கத் தொடங்கினாள்.

தியாகலிங்கம் விறாந்தைக்கு வந்தால் ஆரபி அறைக்குள் போனாள். அவர் அறைப்பக்கம் வந்தால் கிணற்றடிக்குப் போனாள். ஒருநாள் அவர் குசினி வாசலில் வந்து நின்று கேட்டார்.

"பிள்ளை எத்தினை மணிக்கு வயலினுக்குப் போறவள்?"

"ஏன் அத்தான்?"

"சும்மா. ஆர் கூட்டிக்கொண்டு போறது, எப்பவும் சயந்தன்தானோ? நான் நிக்குமட்டும் நான் வேணுமெண்டால் கூட்டிக்கொண்டு போறன்."

"வேண்டாம்" என்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

கணவன் ஜெயரூபன் வேலையால் வந்ததும் சொல்லிப் பார்த்தாள்.

"உங்கடை அண்ணையின்ரை போக்கு எனக்கு நல்லாப் படேல்லை. பிள்ளை அவரைக் கண்டு ஒளிக்கிறாள்."

"உமக்கென்ன விசரே? அவர் என்னைத் தூக்கி வளத்த மனுசன். பிள்ளை புது ஆளைக் கண்டால் ஒளிக்கும்தான்."

இருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக ஆரபி படுக்கையை நனைக்கிறாள். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்புகிறாள். எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று சொல்லி, சயந்தன்தான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் நூல் கட்டுவித்தான்.

நூல் கட்டியபோது அத்தான் கனடாவில் இருந்தார்.

தர்சினி அரிசியைக் களைந்துகொண்டே அதை நினைத்தாள். எங்கேயோ பிசகியது. எங்கே என்று பிடிபடவில்லை. ஒருவேளை வீடியோவில் கதைக்கும்போதே பிள்ளைக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்குமோ? அப்படி இருக்காது. அப்போது பக்கத்திலேயே அவள்தானே இருந்தாள். பிறகு என்ன?

களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள்.

பின்னேரம் மதிலடியில் சயந்தனைக் கூப்பிட்டாள்.

"டேய், அத்தான் திரும்பிப் போகுமட்டும் ஆரபி பின்னேரத்திலை உங்கடை வீட்டிலை நிக்கட்டும்."

"ஏனக்கா, என்ன பிரச்சினை?"

"கேளாதை. சித்தி நிப்பாதானே?"

"அம்மா திருவிழா முடியுமட்டும் கோயிலிலைதான். அதுக்கென்ன, நான் நிக்கிறன்தானே."

தர்சினிக்கு நெஞ்சு இலேசானது.

அடுத்த நாள் வயலின் வகுப்பு. சயந்தன் கேற்றடியில் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றான். தர்சினி ஒரு பையில் மாற்றுச் சட்டையும் பள்ளிக்கூடப் புத்தகங்களும் வைத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக் கைப்பிடியில் தொங்கவிட்டான்.

"ஏன் சட்டை?" என்று ஆரபி கேட்டாள்.

"வயலின் முடிய நேரை சயந்தன் மாமா வீட்டை போ. அங்கை நிண்டு படி. அம்மா பிறகு வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"இண்டைக்கு மட்டுமோ?"

"இல்லை. பெரியப்பா போகுமட்டும் ஒவ்வொரு நாளும்."

ஆரபி வயலின் பெட்டியை நிலத்தில் வைத்தாள்.

தியாகலிங்கம் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி, செருப்பையும் கழற்றாமல் படியேறி ஓடினாள். அவர் கன்னத்தில் கொஞ்சினாள். பேப்பரை விலக்கி மற்றக் கன்னத்திலும் கொஞ்சினாள். அவர் என்ன ஏது என்று நிமிர்வதற்குள் திரும்பி ஓடிவந்து தர்சினியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"கொஞ்சிட்டன் அம்மா. ரண்டு பக்கமும் கொஞ்சிட்டன். நாளைக்கும் கொஞ்சுவன். இனி என்னை மாமா வீட்டை அனுப்பமாட்டீங்கள்தானே?"

தர்சினி அவளைப் பார்த்தாள். பிறகு சயந்தனைப் பார்த்தாள்.

"கள்ளி. படிக்கக் கள்ளம்" என்று சயந்தன் சிரித்தான். மோட்டார் சைக்கிளை இயக்கினான். "ஏறு, ஆரபி. நேரம் போகுது."

தர்சினி கைப்பிடியில் தொங்கிய பையைக் கழற்றி எடுத்தாள்.