அப்பாவுக்குப் பசியில்லை

"அஞ்சு மணிக்கு யாராவது ராத்திரி சாப்பாடு சாப்பிடுவாங்களா? வெளியில இன்னும் வெயில் அடிக்குது" என்றாள் மாரென்.

"விஸ்கான்சின்ல மாடு வெச்சிருக்கிறவங்க சாப்பிடுவாங்க" என்றான் தம்பி கர்ட். "ஸ்பெயின்காரிக்கு ஒரே வருஷத்துல எல்லாம் மறந்து போச்சு."

ஸ்பெயினில் ஒரு வருஷம் படித்துவிட்டு மாரென் அமெரிக்காவுக்கு வீடு திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. எதுவும் ஒட்டவில்லை. வந்த அன்றைக்கு, அங்கத்துப் பழக்கத்தில் அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைக்கப் போனாள். அவர் தொப்பிதான் தட்டிக் கீழே விழுந்தது. மனுஷர் முகம் சிவந்து, கன்றுக்குட்டியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இந்தச் சாப்பாட்டு மேஜைதான். அங்கே ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் தட்டு காய்ந்த பிறகும் பேச்சு ஓயாது. இங்கே எல்லோரும் அள்ளிப் போட்டுக்கொண்டு பால் கறக்க ஓடுகிறார்கள்.

அப்பா ஆர்லின் அதுகூடச் செய்யவில்லை. முள்கரண்டியால் உருளைக்கிழங்கை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடலையாப்பா?"

"பசியில்ல."

நேற்றும் இதே பதில். முந்தாநாளும் இதேதான்.

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனதும் மாரென் அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"ஒரு வருஷம் கழிச்சு வந்திருக்கேன். அங்க எப்படி இருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டாராம்மா? என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடக்கூடப் பிடிக்கல அவருக்கு. அங்கயே இன்னும் ரெண்டு வருஷம் படிக்கக் கூப்பிடறாங்க. சரின்னு எழுதிடப் போறேன்."

"உங்கப்பா என்னிக்கு வாயைத் திறந்து பேசினார்? கல்யாணம் பண்ணிக்கறியான்னு என்னைக் கேக்கவே மூணு அறுவடை ஆச்சு" என்றாள் அம்மா டோனா. "அவசரப்படாதே."

மறுநாள் மத்தியானம். ஸ்பெயினில் தொற்றிக்கொண்டு வந்த பகல் தூக்கம் அன்றைக்கு ஏனோ வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று மாரென் சமையலறைக்கு வந்தாள்.

அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மேஜையில் அப்பா மட்டும். எதிரே தட்டு நிறைய மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும், பக்கத்தில் பெரிய தம்ளரில் பால். ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாரெனுக்குச் சுரீர் என்றது.

"எங்களோட உக்காந்தா பசிக்காது. தனியா உக்காந்தா மட்டும் நல்லாப் பசிக்குது, இல்லையா?"

அப்பா கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார்.

"என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்கப்பா. நான் போயிடறேன்."

அப்பா வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார்.

"இங்க மணி ரெண்டு. அங்க இப்ப ராத்திரி ஒம்பது" என்றார்.

"அதுக்கு?"

"போன புதுசுல போன்ல அழுதே. ஒம்பது மணிக்குத் தனியா உக்காந்தா சாப்பாடு தொண்டையில இறங்கலைன்னு. அன்னிலேருந்து ராத்திரி சாப்பாட்டை நானும் ரெண்டு மணிக்கே சாப்பிட்டுடறேன். கூட ஒரு ஆள் சாப்பிட்டா உனக்கு இறங்கும்னு தோணிச்சு."

மாரென் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா தட்டை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"வயித்தை இப்பதான் அஞ்சு மணிக்குப் பழக்கிட்டிருக்கேன். கேக்கமாட்டேங்குது" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ திரும்பிப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடும்மா. மாத்தாம இப்படியே வெச்சுக்கறேன்."