பொழுது பட்டால்தான்

"டேய் கிறிஸ்தோப்பர், உந்தச் சூரியனுக்கு வீடு வாசல் ஒண்டும் இல்லையோ? மணி ஒன்பதே முக்கால்!"

கொட்வின் எரிச்சலோடு கைக்கடிகாரத்தைத் தட்டினான். பக்கத்தில், புல்லின்மேல், துவாயில் சுற்றிய விஸ்கிப் போத்தல் நான்கு நாளாக மூடி திறக்கப்படாமல் கிடந்தது.

கொட்வினுக்கு நீர்கொழும்பில் தையல் கடை. போன வருடம் குடிவெறியில் ஒரு மணப்பெண்ணின் சட்டைத் துணியைக் குறுக்கே வெட்டிவிட்டான். அடுத்த நாளே அவன் மனைவி பேர்பெச்சுவா அவனை மடுக் கோவிலுக்கு இழுத்துப் போய் மாதாவின் முன் நிறுத்தினாள். "இனித் தொடமாட்டன்" என்று சத்தியம் பண்ணச் சொன்னாள்.

கொட்வின் கெட்டிக்காரன். "சூரியன் கண்ணுக்குத் தெரியிற நேரம் தொடமாட்டன்" என்று சத்தியம் பண்ணினான். கடை பூட்டுவதே ஏழு மணிக்கு. அதற்குள் ஊர் இருட்டிவிடும். சத்தியத்தால் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அவளும் வழமைபோல இரவுச் சோறு போட்டாள். பாவம், விளங்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இந்த ஆனி மாதம், பள்ளித் தோழன் கிறிஸ்தோப்பரைப் பார்க்க ஜெர்மனியின் வடகோடியில் இருக்கும் ஹூசும் நகரத்துக்கு வந்த பிறகுதான் வினை தெரிந்தது. முதல் மூன்று நாளும் வெளிச்சம் போகுமுன்பே சோபாவில் தூங்கிவிட்டான். இங்கே இரவு பத்து மணி என்றால் ஊரில் சாமம் ஒன்றரை மணியாயிற்றே! இன்று சூரியன் மறைவதைக் கண்ணால் கண்டே தீர்வதென்று கடற்கரை அணைக்கட்டின் அடிவாரத்தில் வந்து குந்தியிருந்தான்.

"ஊரில சூரியன் நேரை கீழை இறங்கும் மச்சான், கிணத்துக்கை வாளி விடுறமாதிரி," என்று கிறிஸ்தோப்பர் உற்சாகமாகக் கையால் காட்டினான். "இஞ்சை சரிவில வழுக்கிக்கொண்டு போகும். பூமி சாய்ஞ்செல்லோ நிக்குது, அதால..."

"எனக்குப் பாடம் வேண்டாம். ஒரு கிளாஸ் வேணும்."

சொல்லும்போதே சூரியன் அணைக்கட்டின் முகட்டுக்குப் பின்னால் போயிற்று. கொட்வின் போத்தலைப் பாய்ந்து பிடித்தான்.

"பொறு, பொறு! அது அணைக்குப் பின்னால நிக்குது. மேலை ஏறிப் பார்."

புல் மேய்ந்த செம்மறிகளை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறினான். கடலுக்கு மேலே சூரியன் முழுதாக, சிவப்பாக, ஓர் அவசரமும் இல்லாமல் நின்றது.

"பாத்தியே! ஏற ஏற அடிவானம் கீழை போகும். இன்னும் உயரத்தில நிண்டமெண்டால்..."

"இன்னொரு சொல்லுச் சொன்னால் உன்னைக் கடலுக்கை தள்ளிப்போடுவன்!"

சூரியனின் அடி தண்ணீரைத் தொட்டதும் கிறிஸ்தோப்பருக்குத் தாங்க முடியவில்லை. "மச்சான், ஒரு புதினம் தெரியுமே? உண்மையான சூரியன் இப்ப முழுக்கக் கீழை போயிட்டுது. காத்து வெளிச்சத்தை வளைச்சு எங்களுக்குக் காட்டுது, அவ்வளவுதான்."

கொட்வினின் முகம் மலர்ந்தது. "அப்ப பொழுது பட்டிட்டுது! கிளாஸை எடு!"

"ஆனால் கண்ணுக்குத் தெரியுதே. நீ பண்ணின சத்தியம் அதுதானே?"

"நீ என்ன, எனக்குச் சினேகிதனோ, மாதாவுக்குக் காவல்காரனோ?" கொட்வின் பல்லைக் கடித்தான். "கோடையே இப்பிடியெண்டால் மார்கழியில என்ன பாடு?"

"மார்கழியிலயோ? பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிப்போடும்."

"நாலு மணிக்கோ! அடேய் விசரா, அப்ப என்னை நத்தார்ப் பெருநாளுக்குக் கூப்பிட்டிருக்கலாமே!"

"நத்தாருக்கெண்டுதான் உன்ர வீட்டுக்குப் போன் எடுத்தனான்," என்றான் கிறிஸ்தோப்பர் அப்பாவியாக. "பேர்பெச்சுவாதான் கேட்டவ, 'அண்ணை, உங்கட ஊரில பொழுது ஆகப் பிந்திப் படுறது எந்த மாதம்?' எண்டு."