அடைத்து வைத்த ஜலதாரை

கடப்பாரையை இழுத்துக்கொண்டு ஜெபகுமாரி தெருவுக்கு வந்தபோது, அடுத்த வீட்டு கஜபதி அவள் சுவருக்கு முன்னால் காலை அகட்டி நின்றிருந்தார்.

கழுத்தில் துளசி மாலை. இடுப்பில் மஞ்சள் வேட்டி. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார்.

அவருக்குப் பின்னால், ஜெபகுமாரி வீட்டு ஜலதாரை தெருச் சாக்கடையில் வந்து விழும் ஓட்டையில், புது சிமெண்டு. முந்தின நாள் சாயங்காலம் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையாக இருந்த நேரம் பார்த்து, கோணிச் சாக்கைத் திணித்து அவர் கையாலேயே பூசிய பூச்சு.

அது தெரியாமல்தான் காலையில் அவள் வாஷிங் மெஷினை ஓட்டினாள்.

துணி துவைத்து முடிந்ததும், பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி ஜலதாரையில் இறக்கினாள். குழாயைச் சுற்றி நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும், காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே போகும் என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இடைவெளி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் தண்ணீர் இரண்டு தடவை விக்கியது. பிறகு எதிர்த்துக்கொண்டு வந்து சமையலறையில் அரிசி மூட்டையை நனைத்தது.

அவசரமாகக் குழாயைத் தூக்கி மறுபடியும் கொக்கியில் மாட்டினாள். மெஷின் வயிறு நிறைய அழுக்குத் தண்ணீரோடு நின்றது.

"இந்தாம்மா, எக்ஸ்சேஞ்சு அம்மா! மாலை போட்டுக்கினு நிக்கிறவன் வாசல்ல உங்க ஊட்டு அழுக்குத் தண்ணி வரலாமா? பக்கெட்டுல மொண்டு ரயில் லைன் பக்கம் ஊத்துங்க. கிருத்திகை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"பொங்கலுக்கும் இதையேதாங்க சொன்னீங்க. அப்ப மாலையும் இல்ல, மஞ்சத்துணியும் இல்ல."

எதிர்வீட்டுத் துளசிங்கம் டீ கிளாசோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள்.

தெருவின் மேல்வீட்டுத் தண்ணீரெல்லாம் கஜபதியின் வாசலைத் தாண்டித்தான் போகிறது. மாடு கழுவிய தண்ணீர் போகிறது. சாயநூல் அலசிய தண்ணீர் சிவப்பும் நீலமுமாகப் போகிறது. அந்த ஓட்டைகளுக்கெல்லாம் அவர் பூச்சு வைக்கவில்லை. தெருவில் சர்ச்சுக்குப் போகிற ஒரே ஒரு வேதக்காரர் வீடு; ஒரே ஒரு பூச்சு.

பக்கெட்டைத் தூக்கினால் இன்றைக்குச் சண்டை முடிந்துவிடும். ஆனால் தன் வீட்டுத் தண்ணீர் போகக் கூடாத தெரு இது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு அவள் தயாராக இல்லை.

கஜபதி தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"எங்க ஊட்டுலயும் பொம்பள இருக்கா. கோமளவல்லி விடியக்காலைல எழுந்து பம்புசெட்டுக்குப் போயி, விரதத் துணிய சுத்தமா கையால கசக்கிக்கினு இருக்கா. டப்பாவுல போட்டு சுத்தணும்னு அவ கேட்டாளா?"

பதில் ஜெபகுமாரியின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அது அவள் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

தன் வீட்டு வாசலைப் பார்த்துத் திரும்பி, "தொறக்கலாமா?" என்று கேட்டாள்.

உள்ளே மெஷின் மூடியில் டொக்கென்று ஒரு தட்டு கேட்டது.

"தள்ளிக்கங்க. கால்ல பட்டா என்னைச் சொல்லாதீங்க."

கஜபதி தள்ளவில்லை. கடப்பாரை மேலே போனதும் தள்ளினார்.

முதல் குத்தில் பூச்சு விரிசல் விட்டது. இரண்டாவது குத்தில் பெயர்ந்தது. குனிந்து, கோணிச் சாக்கைக் கையால் பற்றி, ஒரு காலைச் சுவரில் உதைத்து இழுத்தாள். அது வந்த வேகத்தில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

ஓட்டை ஒரு பெருமூச்சு விட்டது.

"ஆங், எறக்கலாம்!" என்று உட்கார்ந்தபடியே கத்தினாள்.

உள்ளே குழாய் ஜலதாரையில் இறங்கும் சத்தம். ஒரு குமுறல். அடுத்த நொடி, நுரையும் தண்ணீருமாகச் சாக்கடையில் வந்து கொட்டியது.

மஞ்சளாக.

மஞ்சள் என்றால், பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டின மாதிரி மஞ்சள். நுரைகூட மஞ்சள். தெரு முழுக்க மஞ்சள் வாசனை தூக்கியது. துளசிங்கத்தின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"இன்னாம்மா இது! உங்க ஊட்டுல யாரு காவடி எடுக்கறது? பிரபுதாஸா?"

குழாயடியில் சிரிப்பு வெடித்தது. ஜெபகுமாரியின் புருஷன் பிரபுதாஸ் காலையிலேயே அரக்கோணம் வண்டியைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டது தெருவுக்கே தெரியும்.

கஜபதி தண்ணீரைப் பார்த்தார். அது அவர் வாசலைத் தாண்டி, அவசரமே இல்லாமல், கீழ்வீடுகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பிறகு தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஜெபகுமாரியின் வீட்டுக்குள்ளிருந்து கோமளவல்லி வெளியே வந்தாள்.

முழங்கை வரை மஞ்சள். தோளில் முறுக்கிப் போட்ட கஜபதியின் விரத வேட்டி. போன வாரம் தறியில் ஓடும் நாடாக்கட்டை தெறித்து அடித்த வலது மணிக்கட்டு இன்னும் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் கையை அவள் முந்தானையில் மறைக்கவில்லை.

இறங்கி வந்தாள். ஜெபகுமாரிக்கு இடது கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள்.

"சும்மாதான நிக்கிற, பாவா? தண்ணி ஒழுங்கா போவுதா பாத்துச் சொல்லு. இன்னொரு தபா அலசணும்."