உட்கார்ந்து காட்டு

"ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? நாற்காலி விக்கிறதுக்கு. நீ உட்கார்றதுக்கு இல்ல!"

முதலாளியின் குரல் கேட்டு விற்பனைப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். அவள் உட்காரக்கூட இல்லை. சோபாவின் கைப்பிடியில் இடுப்பை லேசாகச் சாய்த்திருந்தாள், அவ்வளவுதான்.

"ஆடுசதை கல்லு மாதிரி இறுகிப்போச்சு சார். தரையில கால் வைக்க முடியல, அப்படி ஜில்லுனு இருக்கு. ஒரு ஸ்டூல் குடுத்தீங்கன்னா..."

"குளிர் உனக்கு மட்டுமா அடிக்குது? எனக்கும்தான் அடிக்குது."

அவருக்கும்தான் அடித்தது. கம்பளிச் சால்வை, காலடியில் ஹீட்டர், சுழல் நாற்காலி சகிதமாக அடித்தது. நாள் முழுக்க அந்த நாற்காலியில் சுற்றிக்கொண்டே இருப்பதால் கடையில் அவருக்கு ராட்டினம் என்று பெயர். கடை கொள்ளாத சோபாக்களும் நாற்காலிகளும் காலியாகக் கிடக்க, அவளும் பில் போடுகிறவளும் மட்டும் காலையிலிருந்து கடை மூடும்வரை நிற்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை உட்கார்ந்து யோசிப்பவரால்தான் போட முடியும். அந்தக் கடையில் படுத்துக்கொள்ளும் சலுகையே உண்டு, ஆனால் வியாபாரத்துக்கு மட்டும்.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தார். கம்பளிக் கோட்டு, கையில் கைத்தடி, யாரையும் சட்டை செய்யாத பார்வை.

"ஹால் முழுக்கப் புதுசா மாத்தணும். சோபா, சாய்வு நாற்காலி, எல்லாமே."

ராட்டினம் சுற்றுவதை நிறுத்தியது. "வாங்கம்மா, வாங்க! உட்கார்ந்து பாருங்க."

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதே! குளிர் வந்தா முட்டிக்குக் கீழ அப்படியே பிடிச்சுக்குது. கால் வலிக்கு ஏத்த சீட்டா வேணும்." கைத்தடி விற்பனைப் பெண்ணின் பக்கம் நீண்டது. "இந்தப் பொண்ணு என் உயரம்தான். இவ உட்கார்ந்து காட்டட்டும்."

முடியாது என்று சொல்ல ராட்டினம் வாயெடுத்தார். ஹால் முழுக்க என்ற வார்த்தையை நினைத்ததும் அந்த முடியாது தானாக உள்ளே இறங்கிவிட்டது.

"உட்காரும்மா! அம்மா சொல்றாங்கல்ல?"

உட்கார்ந்தாள்.

"என்ன, பரீட்சையா எழுதப் போற? நல்லா சாய். காலைத் தூக்கி வை. ஏன் சார், கால் வைக்க ஒண்ணும் இல்லையா?"

ராட்டினமே குனிந்து ஒரு குட்டி ஸ்டூலை அவள் காலடியில் போட்டார்.

"பாதத்தை முன்னாடியும் பின்னாடியும் ஆட்டு. கணுக்காலைச் சுத்து. இப்ப இளகுதா?"

"கொஞ்சம் இளகுதுங்க."

"கொஞ்சமா? என் வீட்டுல ஹீட்டர் இருக்கு. சூடு பட்டா எப்படின்னு பார்த்துடணும்."

ஹீட்டர் வந்தது. ஒயரை இழுத்துக்கொண்டு ராட்டினமே வந்தார். முழங்காலை மூடிப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் தோளில் கிடந்த சால்வையும் வந்தது. அந்தச் சோபா, இந்தச் சோபா, அடுத்து சாய்வு நாற்காலி என்று அந்த அம்மாள் நிதானமாக விசாரித்துக்கொண்டே போனார். சாய்வு நாற்காலியில் அவளுக்குக் கண் சொருகியது.

"சார், இவ தூங்குறா!" என்றாள் பில் போடுகிறவள்.

"தூங்கட்டும்! தூக்கம் வருதுன்னாலே நல்ல சீட்டுன்னு அர்த்தம்" என்றார் ராட்டினம், அந்த அம்மாளைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி.

கடை மூடும் நேரத்தில் அந்த அம்மாள் கிளம்பினார். "எல்லாமே நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

ராட்டினம் வாசல்வரை போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். "நிச்சயம் வருவாங்க. இனிமே கால் வலின்னு யார் வந்தாலும் இப்படித்தான் உட்கார்ந்து காட்டணும். ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். மூஞ்சியச் சுளிக்கக்கூடாது!"

"சரிங்க சார்" என்றார்கள் இருவரும், ரொம்பப் பணிவாக.

பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாள் கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விற்பனைப் பெண்ணின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினார். "கால் எப்படிடி இருக்கு?"

"பஞ்சா இருக்கு அத்தை" என்றவள், பக்கத்தில் நின்ற பில் போடுகிறவளைக் காட்டினாள். "அந்தக் கைத்தடியை இவகிட்ட குடுங்க. நாளைக்கு இவங்க அம்மாவுக்கு ஹால் முழுக்க மாத்தணுமாம்."